மஞ்சள் தடவிய ஃப்ளாப்பி

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த செல்லக்கனிக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூடுதல். அவளிடம் டைப் அடித்தவள் நான். பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கிருஷ்ணன்கோவில் காலேஜ் மாணவர்கள் கொண்டுவந்த ஃப்ளாப்பிகளால் வைரஸ் புகுந்து இரண்டு முறை கடையே படுத்துவிட்டது. மூன்றாவதற்கு அவள் காத்திருக்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றினாள். மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு, அந்த போன் லைனில் கிடைத்த இண்டர்நெட்டில் ஆன்டிவைரஸ் இறக்கி அதில் நிறுவினாள். விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் ஓடாது. ஆகவே எந்த ஃப்ளாப்பியும் அங்கே தேறிய பிறகுதான் மற்ற கம்ப்யூட்டர்களுக்குள் போகும் என்று சட்டம் போட்டாள்.

1999 சித்திரையில் அவள் நாத்தனார் கணவர் வைகுண்டராஜ், மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். அவர் நீட்டிய ஃப்ளாப்பியில் பத்திரிகையோடு, அதைத் திறக்கத் தேவையான தமிழ் எழுத்து புரோகிராமும் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் வேறு. அதை லினக்ஸ் பக்கம் கொண்டுபோனதும் மனிதருக்கு முகம் மாறிவிட்டது.

"நல்ல காரியத்த மொதமொதல்ல நோய் பாக்குற மிஷின்லயா போடுவ?"

"யாரு கொண்டாந்தாலும் இதுலதான் போடுவேன் அண்ணே."

பிடுங்கிக்கொண்டு பஜாரில் இன்னொரு சென்டருக்குப் போய்விட்டார். சொந்தத்தைப் பகைத்துக்கொண்டு ஒரு கடையா, இந்த மாசத்தோடு மூடு என்று அவள் கணவர் தங்கச்சாமி சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ சட்டத்தை மாற்றவில்லை.

ஏப்ரல் இருபத்தாறு. அந்தத் தேதிக்காகவே பதுங்கியிருந்த வைரஸ் ஒன்று ஊர் ஊராகக் கம்ப்யூட்டர்களைத் தீர்த்துக் கட்டியது. பஜார் சென்டரில் ஒன்றுகூட எழவில்லை. அங்கே தயாராக இருந்த பத்திரிகையும் போச்சு. எங்கள் கடையில் எல்லாம் வழக்கம்போல ஓடின. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

மத்தியானம் வைகுண்டராஜ் அதே ஃப்ளாப்பியோடு வந்து, தானே லினக்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். சோதித்ததில் அந்தத் தமிழ் எழுத்து புரோகிராமிலேயே வைரஸ் குடியிருந்தது. செல்லக்கனி திரையைக் காட்டினாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

புரோகிராமை அழித்துவிட்டு, எங்கள் கடையில் இருந்த தமிழ் எழுத்திலேயே பத்திரிகையை அமைத்தாள். அழைப்பவர் பட்டியலில் ஆண்கள் பெயரெல்லாம் தொழிலோடு இருந்தன. தாய்மாமன் தங்கச்சாமி பெயருக்குக் கீழே, யாரையும் கேட்காமல் ஒரு வரி சேர்த்தாள்: 'செல்லக்கனி, கம்ப்யூட்டர் சென்டர் உரிமையாளர்'.

வைகுண்டராஜ் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது பொடிசா இருக்கு தங்கச்சி. செத்த பெருசாப் போடு."