ஒய்.பி. மேலே போனபோது

எங்கள் ஒய்.பி. செத்துப்போய்விட்டார் என்று நான் மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதில் அப்படி நம்பியது குற்றமில்லை. நம்பியதை ஓர் அரசாங்க அலுவலகத்தில், முகப்பில் உட்கார்ந்திருந்த அம்மையாரிடம், நல்ல மலாயில் எடுத்துச் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

ஒய்.பி. என்பதே அவருடைய பெயர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மலாயில் 'மதிப்புக்குரியவர்' என்று சொல்வதன் முதல் எழுத்துகள் அவை என்பதும், மாநிலச் சட்டமன்றத்துக்குப் போகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாடாளுமன்றத்துக்குப் போகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதும் பின்னால் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முன்பு டியூஷன் வாத்தியாராக இருந்தவர். இரண்டு தவணை சட்டமன்றத்தில் இருந்தார்.

பண்டார் தெங்காராவுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டினாள். அம்மாவிடம் இருந்தது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. அதே தோட்டத்தில், அதே லயத்தில், எங்கள் வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளிப் பிறந்தவள்தான். பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை. அதனால் காகிதத்தில் அவள் இந்த நாட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஆள். குடிமக்களுக்கான நீல ஐ.சி. கிடைத்தால் பாஸ்போர்ட் எடுக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவைப் போல சிங்கப்பூரில் துப்புரவு வேலைக்குப் போகலாம், என்னை இடைநிலைப் பள்ளி முடியும்வரை படிக்க வைக்கலாம். இதெல்லாம் அம்மாவின் கணக்கு. உதிரிப் பழம் பொறுக்கும்போது எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நீல ஐ.சி.க்கு மனுப் போடும்போது ஒய்.பி.யின் ஆதரவுக் கடிதமும் இருந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அவருடைய சேவை மையத்துக்கு நாலு முறை நடந்தாள். மோட்டார் பட்டறைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன அறை அது. நாலாவது முறை ஒய்.பி.யே இருந்தார். பாத்தேக் சட்டை, காலில் ஜப்பான் சிலிப்பர், மேசைமேல் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ரப்பர் சாப்பை ஊதி ஊதிக் குத்தினார். என்னைப் பார்த்து, "பெரியவளாகி என்ன ஆகப்போற?" என்று கேட்டார். நான் "ஒய்.பி." என்றேன். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், "அப்படின்னா மலாய் நல்லாப் படிக்கணும், சரியா?" என்றார்.

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பள்ளியில் மலாய் ஆசிரியை பின்னாலேயே சுற்றினேன். பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசும்போது என்ன சொல் போட வேண்டும், என்ன சொல் போடக் கூடாது என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தேன். ஆடு செத்தால் ஒரு சொல், மனிதர் இறந்தால் வேறு சொல். 'மாத்தி' என்று சொல்லக் கூடாது, 'மெனிங்கல் டுனியா' என்று சொல்ல வேண்டும். இப்படிச் சொற்கள்.

பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. நாலு மாதம் கழித்து நேரில் வரச்சொல்லி ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். கடிதத்தின் அசலை அன்று கையில் கொண்டுவர வேண்டும். அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். இடையில் தேர்தல் வந்தது. தோட்டத்துச் சாலை முழுக்கக் கொடி. எங்கள் சித்தப்பா கொடி கட்டப் போனார், பனியன் வாங்கினார், வீட்டுக்கே வரவில்லை. தேர்தல் என்றால் கொடி கட்டுவது என்றுதான் எனக்குத் தெரியும். யார் எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை பின்கட்டில் பள்ளிச் சப்பாத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்து வாசலில் நின்றபடியே கத்தினார்.

"அண்ணி, விஷயம் தெரியுமா? நம்ம ஒய்.பி. மேல போயிட்டாரு!"

"அய்யோ, நெசமாவா?"

"ஆமா லா. கடைசிவரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்துச்சு. ராத்திரிதான் முடிஞ்சுச்சு."

அம்மா, "நல்ல மனுசன். நம்ம பேச்சைக் காது குடுத்துக் கேட்டாரு. இனிமே நமக்கு யாரு இருக்கா?" என்றாள்.

உள்ளேயிருந்து அப்பா, "அவரு எடம் காலி. புது ஆளு வருவான்" என்றார்.

என் கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது. முந்தின வருடம் எங்கள் லயத்துக் கடைசி வீட்டுப் பெரியவரும் இப்படித்தான் மேலே போனார். அவருக்கும் கடைசிவரை இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் மளிகைக் கடைக்கு வெங்காயம் வாங்கப் போனேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒய்.பி.யின் படம் புதிதாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. படத்துக்குச் சந்தன மாலை. முன்னால் இரண்டு ஊதுபத்தி. கடைக்காரர் நான் பார்ப்பதைப் பார்த்து, "நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு பாத்தியா, உங்க ஒய்.பி.!" என்று சொல்லி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒய்.பி. பேரில் அன்னதானம். வடை, பாயசத்தோடு போட்டார்கள். பெரியவர் வீட்டுப் பதினாறாம் நாளிலும் வடை, பாயசம் இருந்தது. அழுதுகொண்டே இரண்டு தரம் சாப்பிட்டேன். பாயசம் வழிகிறது, மூக்கும் வழிகிறது. பக்கத்தில் இருந்த அக்கா, "என்னா புள்ள, சளியா?" என்று கேட்டார்.

பதிவு அலுவலகத்துத் தேதி வந்தது. அன்று அப்பாவுக்கு லோடு இருந்தது. அம்மா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் பச்சைச் சேலையைக் கட்டினாள். எனக்குப் பள்ளிச் சீருடை. இரண்டு பஸ் மாறிப் போனோம். அம்மாவுக்கு மலாய் தெரியாது என்று சொல்ல முடியாது. மீன்காரனிடம் மலாயில் பேரம் பேசி அவனை அழவைப்பாள். ஆனால் கண்ணாடி போட்ட அதிகாரி, மேசைக்குப் பின்னால், புத்தக மலாயில் பேசினால் அவளுக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

முகப்பில் இருந்த அம்மையார் கண்ணாடி போட்டிருந்தார். நல்லவர். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கடிதத்தில் நிறுத்தி, சாப்பைப் பார்த்து ஏதோ கேட்டார். இந்தப் பிரதிநிதி இன்னும் உங்கள் தொகுதியில் இருக்கிறாரா என்று கேட்டார். எனக்குப் புரிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் பள்ளியில் பாடம் ஒப்பிக்கும்போது நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஆசிரியை சொல்லிக்கொடுத்த சொல்லையே போட்டுச் சொன்னேன்: மதிப்புக்குரியவர் மெனிங்கல் டுனியா, புவான்.

மலாயில் 'திங்கல்' என்றால் குடியிருப்பது. 'மெனிங்கல்' என்றால் இறப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சுதான். அம்மாவுக்கு வால் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. ஒய்.பி. குடியிருக்கிறார் என்று மகள் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, முகம் மலர்ந்து தலையை ஆட்டினாள்.

"யா, யா, புவான். திங்கல், திங்கல். டெக்காட் சஜா!"

பக்கத்தில்தான் என்று கையால் வேறு காட்டினாள்.

அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அழும் நிலையில் நான், சிரித்த முகத்தோடு அம்மா. அவர் அந்தப் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று பிறகு யாரோ சொன்னார்கள். உதட்டுக்குள் ஏதோ பிரார்த்தனையாகச் சொன்னார். கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவி, இரண்டு கையாலும் பிடித்து அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா அதையும் இரண்டு கையால் வாங்கினாள். வேலை முடிந்தது என்று நினைத்து எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தாள்.

அப்பா வந்து குளித்துவிட்டு அந்தச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அலமாக்! என்னா இது? கடிதம் குடுத்தவரு செத்துட்டாராம், புதுக் கடிதம் கொண்டாரணுமாம், மறுபடி தேதி வாங்கணுமாம். யாரு செத்தது? மனுசன் கல்லு மாதிரி இருக்காரு!"

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஊருக்கே தெரிந்த சாவைப் பற்றி அப்பா ஏன் இப்படிக் கத்துகிறார்? கல் மாதிரி இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பாவின் கோபத்துக்கு இடுப்பு வார்தான் பதில் என்பதால் மூடிக்கொண்டேன். அம்மா சீட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீட்டை வாங்கி மடித்து, "வாங்க, சோறு ஆறுது" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செத்தவரை நான் நேரில் பார்த்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில், காதுவரை மாலையோடு, கையை ஆட்டிக்கொண்டு எங்கள் சாலையில் வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று ஒலிபெருக்கி சொன்னது. வீட்டுக்குள் ஓடப் பார்த்தேன். அம்மா ஒரு கையில் பிளாஸ்டிக் உறையும் மறு கையில் நானுமாகக் கூட்டத்துக்குள் புகுந்து ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றாள்.

ஒய்.பி. சீட்டைப் படித்தார். முதலில் முகம் சுருங்கியது. பிறகு வெடித்துச் சிரித்தார்.

"என்னாக்கா இது? என்னை உயிரோட பொதைச்சிட்டாங்களே! யாரு அங்க இப்படிச் சொன்னது?"

ஜீப்பைச் சுற்றி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் கூட்டத்தில்தான் இருந்தார்.

"நான்தாங்க ஒய்.பி.," என்றாள் அம்மா. "அந்தம்மா பேசுன மலாய் புரியல. ஏதோ கேட்டாங்க, நான் ஏதோ ஒளறிட்டேன்."

கூட்டம் சிரித்தது. "அக்கா, ஓட்டும் போட முடியாது, ஆளைக் கொல்ல மட்டும் முடியுமா லா!" என்று ஒருவன் கத்தினான். அப்பா தலையில் அடித்துக்கொண்டு, "இவள வெச்சுக்கிட்டு!" என்றார். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

ஒய்.பி. சாப்பைத் தடவிப் பார்த்தார். இது சட்டமன்றத்துச் சாப், இனிமேல் செல்லாது, தான் இப்போது நாடாளுமன்ற உறுப்பினர், குளுவாங் பக்கமோ கூலாய் பக்கமோ புது ஆபிஸ் திறந்ததும் வரவேண்டும், புதுச் சாப் போட்டுத் தருகிறேன் என்றார். சொன்னபடி செய்தார், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மேலே போனவர் பெரும்பாலும் கோலாலம்பூரில் இருந்தார். கடிதம் கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. அதன்பின் புது மனு, புதுத் தேதி. அம்மாவுக்கு நீல ஐ.சி. வந்தபோது நான் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு முதுகு போய்விட்டதால் இடைநிலைப் பள்ளி இரண்டாம் படிவத்தோடு படிப்பை விட்டிருந்தேன். பிறகு சலவைக்கடை, சாப்பாட்டுக்கடை, சிங்கப்பூரில் கொஞ்ச காலம் என்று எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. ஒய்.பி. ஒரு தவணைதான் மேலே இருந்தார். அடுத்த முறை தோற்றார், அதற்கடுத்த முறை நிற்க இடம் தரவில்லை. போன வருடம் ஸ்கூடாயில் நான் வேலை செய்த கடைக்குச் சாப்பிட வந்தார். தனியாக வந்திருந்தார். எல்லாரும் இன்னமும் ஒய்.பி. என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படிக் கூப்பிட்டுத்தான் இலை போட்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் போன பிறகு அம்மா என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னால் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா என் கையை விடவே இல்லை. எலும்பு நொறுங்குவதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தாள். இவ்வளவு கூட்டத்தில் நான் காணாமல் போய்விடுவேன் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"விடும்மா," என்றேன். "எனக்கு வீட்டுக்கு வழி தெரியும்."