ஏல இலையில் பச்சை வெளிச்சம்

செடியின் செல்லுக்குள் ஜீனை அனுப்புவது எங்கள் தொழில். பெரும்பாலான நாட்கள் அது போய்ச் சேராது. ஆராய்ச்சிக்கூடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்த அனுபவமுள்ள சொந்தங்களே, உங்களுக்குப் புரியும்.

பஸ்ஸில் ஏலக்கன்று

குமுளியில் ஏலக்கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் தமிழ்க்காரர். கன்று எதற்கென்று கேட்டார். "கண்ணுக்கே தெரியாத கார்பன் நானோ குழாயில ஒரு ஜீனை ஒட்டி, இந்த இலைக்குள்ள அனுப்பப் போறோம்" என்றேன், பெருமையாக. கொஞ்சம் யோசித்தார்.

"குழாய்க்கு டிக்கெட் வேணாம். கன்னுக்கு மட்டும் லக்கேஜ் போட்டுடுறேன்."

ஊசியில்லாத ஊசி

அப்பாவுக்கு ஏலத்தோட்டத்தில் வேலை. இலையில் மஞ்சள் கோடு விழுந்தால் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். அந்த நோயைத் தடுக்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். பாலக்காட்டில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அப்பா ஒருநாள் வந்தார். ஊசி கழற்றிய சிரிஞ்சை இலையின் அடியில் அழுத்தி, ஜீன் ஒட்டிய குழாய்க் கரைசலை ஏற்றிக் காட்டினேன். இந்த ஜீன் நோயைத் தீர்க்காது, உள்ளே போய்ச் சேர்ந்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும், அவ்வளவுதான் என்றேன். முகம் வாடிவிட்டது. பிறகு தானே தேறிக்கொண்டார்.

"மொதல்ல லைட்டு, பெறவுதான் மருந்தா? சரிம்மா, சட்டுனு போடு."

முதல் வெளிச்சம்

லைட் எரியவே இல்லை. இலை இலையாகப் பார்த்தும் இருட்டுதான். அடுத்த தடவையும் வராவிட்டால் ஏலத்தை விட்டுவிட்டு, சுலபமான புகையிலைக்குப் போய்விடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

ஒரு காலையில் பளீரென்று பச்சை! நான் போட்ட சத்தத்தில் பேராசிரியர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். என்னோடு வேலை பார்க்கும், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர் கதிர்வேல் லென்ஸை மெதுவாகத் திருகிப் பார்த்தார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, இது செல்லு இல்லீங்க, உங்க துப்பட்டா நூலுங்க."

இரண்டாம் வெளிச்சம்

கடைசித் தடவையாகக் குழாயின் மேல்பூச்சை மாற்றினோம். இளங்குருத்தாகப் பார்த்து எடுத்தோம். கதிர்வேல் முதலில் பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை. நான் அவரைத் தள்ளிவிட்டுக் குனிந்தேன். வரிசையான செல்களுக்குள் அங்கங்கே குட்டிக்குட்டிப் பச்சை விளக்குகள்! குழாய் இல்லாமல் வெறும் ஜீன் ஏற்றிய இலையைப் பார்த்தோம், அது கும்மிருட்டு. அப்படியென்றால் இது நிஜம். இரண்டு பேரும் குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது. பேராசிரியர் பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி பார்த்தார், சிரித்தே விட்டார்.

தோட்டத்தில் இருந்த அப்பாவுக்கு உடனே போன் போட்டேன். "அப்பா, எரியுதுப்பா! எங்க லேப்ல எரியுது!"

"ஐயோ கர்த்தாவே! தீயணைப்புக்குச் சொல்லியாச்சா?"

வெளிச்சம் வந்துவிட்டது, ஏலச்செடியும் எங்களிடமே தங்கிவிட்டது, நோயை நிறுத்தும் ஜீனை அனுப்புகிற நிஜ வேலை மட்டும் இனிமேல்தான் ஆரம்பம்.