ஜன்னலோரத்துப் புராசசர்

குளிருக்குப் பேர்போன நுவரெலியாவில் இன்று கம்ப்யூட்டருக்குப் புராசசர் பார்க்கப் போனேன். ஓவர்கிளாக் செய்து, கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டினாலும் அது தாங்க வேண்டும்.

கடைக்காரர் ஒன்றைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார்.

"எவ்வளவு ஏத்துனாலும் சூடே ஆகாதுங்க. நம்பி எடுங்க."

திரையிலும் சூடு குறைவாகத்தான் காட்டியது. ஆனால் கம்ப்யூட்டர் இருந்தது திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில். மப்ளர் சுற்றிய கடைக்காரர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அங்கேதான் இடித்தது.

"குளிருதேண்ணே, ஜன்னல மூடிரவா?"

"ஐயோ, வேணாங்க! காத்து வரட்டும்!"

நான் எழுந்து மூடிவிட்டேன். ஐந்தே நிமிடம். கம்ப்யூட்டர் ஸ்டக்காகி நின்றது.

"கரண்டு ஏறி இறங்குதுங்க" என்றார், அவசரமாக ஜன்னலைத் திறந்துகொண்டே. தலைக்கு மேலே எரிந்த பல்பு சிமிட்டக்கூட இல்லை.

புராசசரோடு அந்த ஜன்னலையும் கழற்றித் தருவாரா என்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.