பசியில்லாதவர் தின்ற எட்டு இட்லி

கேஸ் ஷீட்டில் 'பசியில்லை' என்று எழுதப்பட்ட மனிதர், என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து எட்டு இட்லியைத் தின்று முடித்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் வேலை. டிஸ்சார்ஜ் ஆகிறவரின் கேஸ் ஷீட்டைப் படித்து, வியாதிக்கு உரிய கோட் நம்பரைப் போட வேண்டும். டாக்டர் எழுதாததற்கு நம்பர் போடக்கூடாது. எழுதிய குப்பைக்குப் போட்டே ஆக வேண்டும்.

எங்கள் டியூட்டி டாக்டர்களுக்கு ஒரு பழக்கம். மெலிந்தவர் யார் வந்தாலும் 'பசியின்மை, எடை குறைவு' என்று ஜோடியாகத்தான் எழுதுவார்கள். காலேஜில் மனப்பாடம் செய்தது அப்படி. நோயாளியிடம் கேட்டு எழுதினால் கை வலிக்கும் போல.

இவர் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும். சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் பெரிய டாக்டர் 'டிபி' என்று எழுதிவிட்டார். காரணம் தெரியவில்லை என்று எழுதினால் ஆஸ்பத்திரிக்குக் கேவலமாம். டிபி என்று எழுதிவிட்டால் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அதற்குமேல் யாரும் எதையும் தேடமாட்டார்கள். மனிதர் கரைந்துகொண்டே போவார்.

"பசி இல்லைன்னு எழுதிருக்கே, அண்ணாச்சி?" என்றேன்.

அவர் மனைவி தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "யாரு, இவுகளுக்கா? ஒரு பானைச் சோறு காணாது. திங்கதெல்லாம் எங்கன போகுதுன்னு கேக்கத்தான வந்தோம். கையப் பாருங்க, டம்ளரு நிக்க மாட்டேங்கு."

கேஸ் ஷீட்டோடு அந்த அம்மாளையும் பெரிய டாக்டர் அறைக்கு அழைத்துப் போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நம்பர் போடுதது உம்ம சோலி. வைத்தியம் எஞ்சோலி. போம்வே," என்றார்.

அந்த அம்மாள் விடவில்லை. "டிபின்னு எதை வச்சு சொல்லுதிய?"

"ஆளு மெலிஞ்சிட்டாருல்லா?"

"மெலிஞ்சிட்டாருன்னுதான நாங்களே வந்தோம்! நாங்க சொன்னத எங்களுக்கே திருப்பிச் சொல்லவா ஒரு வாரம் படுக்க வச்சிய?"

டாக்டருக்கு முகம் சிவந்தது. 'டிபி'யை அடித்தார். 'பசி அதிகம், கை நடுக்கம், எடை குறைவு, காரணம் தெரியவில்லை' என்று கிறுக்கினார். மதுரைக்குப் போய்க்கொள்ளுங்கள் என்று கேஸ் ஷீட்டை என்னிடம் வீசினார். நான் எடை குறைவுக்கான நம்பரைப் போட்டு, மதுரையில் காட்ட டிஸ்சார்ஜ் சுருக்கத்தை டைப் செய்து கொடுத்தேன்.

மதுரை டாக்டர் அதைப் படித்ததும் முதலில் கழுத்தைத்தான் தொட்டுப் பார்த்தாராம். தைராய்டு. அந்தச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்து, தின்றதையெல்லாம் எரித்துக்கொண்டிருந்ததாம். மருந்து சாப்பிட்டு, ஆள் தேறி, மறுபடி மில்லுக்குப் போனார். எங்கள் பெரிய டாக்டர், "நாமதான கண்டுபிடிச்சு அனுப்புனோம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால் அடுத்த டாக்டர் தேடுவார். பொய்யாக ஒரு பெயர் எழுதியிருந்தால் அவரும் அந்தப் பெயருக்கு உரிய மாத்திரையைத்தான் நீட்டுவார். சந்தேகம் வந்தால் போய்க் கேளுங்கள். திட்டுவார்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.