போட்டோவுக்காகக் கழற்றிய இரண்டு கம்பிகள்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. கடைகளுக்கு உள்வடிவமைப்பு செய்து பிழைக்கிறவள் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நாங்கள் செய்துகொடுத்த எந்தக் கடைக்குள்ளும் என்னால் நிம்மதியாக ஐந்து நிமிஷம் உட்கார முடியாது. சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு பல் மருத்துவமனைக்கு வேலை செய்தோம். பிறகு ஒருநாள் அங்கேயே பல்லைக் காட்டப் போனேன். நாற்காலியில் சாய்ந்ததும் கண் சீலிங்கில் விரிசல் தேட ஆரம்பித்துவிட்டது. வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி டாக்டர் மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

செங்கல்பட்டில் எங்கள் அலுவலகம் என்பது ஒரு மாடி அறை. நானும் என் கல்லூரித் தோழியும்தான் முதலாளிகள், தொழிலாளிகளும் நாங்களேதான். அவளுக்கு வாய் உண்டு, எனக்குக் கவலை உண்டு. சின்னச் சின்ன வேலைகள்தான் வரும். போன வருஷம் ஒரு செல்போன் கடை, அந்தப் பல் மருத்துவமனை, கடைசியாகத் திருவிடந்தையில் ஒரு டிபன் கடை. எங்களுக்குப் பெயர் வாங்கித் தரப்போவது இந்த டிபன் கடைதான் என்று நம்பியிருந்தோம்.

கடைக்காரம்மா கல்பாக்கத்தில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க கேன்டீன் இட்லியைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டதாகவும், இனி தானே சுட்டுக் காட்டப் போவதாகவும் சொல்வார். கடை நடுவில் நீளமாக ஒரு பொது மேசை போட்டோம். அதற்கு மேலே, அதே நீளத்துக்கு, இரும்புச் சட்டத்தில் பழைய தேக்குப் பலகைகளை அடித்து, விளக்குகள் பொருத்தி, கூரையிலிருந்து நான்கு கம்பிகளில் தொங்கவிட்டோம். கையை உயர்த்தினால் தொடலாம். தூக்கி நிறுத்த மட்டும் நான்கு ஆள் வேண்டியிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். கடை திறப்பதற்கு முந்தின நாள், எண்ணெய்க் கறை படுவதற்குள், ஆளில்லாத கடையைப் போட்டோ எடுத்துவிடுவோம். அடுத்த வேலையைக் கொண்டுவருவது அந்தப் போட்டோதான். அதற்காகக் குப்பைத்தொட்டியை ஒளிப்போம், காலண்டரைக் கழற்றுவோம், கை கழுவும் இடத்துச் சோப்பைக்கூட மறைப்போம். அன்றைக்கு எங்கள் கண்ணை உறுத்தியவை நடுவில் இருந்த இரண்டு கம்பிகள். பின்னால் ஜன்னலில் தெரிந்த சவுக்குத் தோப்பைக் கோடு போட்டுக் கெடுத்தன.

“ரெண்டையும் கழட்டிடலாமா?” என்று வெல்டரைக் கேட்டேன்.

“மேடம், இந்த முனையில போல்ட்டு செரியா பிடிக்கல. நாலு கம்பி இருந்தா தாங்கும். ரெண்ட எடுத்துட்டா எனக்கு டவுட்டுதான்.”

“ஒரு நாளைக்குத்தானே அண்ணா. நாளைக்கு மாட்டிடலாம்.”

சொன்னது நான். பயந்தாங்கொள்ளியான நானேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

போட்டோ அருமையாக வந்தது. பலகை அந்தரத்தில் மிதந்தது. கம்பிகளைப் பேப்பரில் சுற்றி என் கார் டிக்கியில் போட்டேன். மறுநாள் திறப்பு விழா. கூட்டம், குத்துவிளக்கு, கேசரி. வேறு ஆளை வைத்து நாங்களே மாட்டிவிட்டதாக வெல்டர் நினைத்தார். வெல்டர் மாட்டிவிட்டதாகத் தோழி நினைத்தாள். நான் என்ன நினைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிக்கியில் கடகடவென்று சத்தம் வருகிறது என்று பத்து நாள் கழித்து மெக்கானிக்கிடம் போனில் புகார் செய்யும் அளவுக்கு மறந்திருந்தேன்.

அந்தப் புகாருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட்டில் நிற்கும்போது கடைக்காரம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திருவிடந்தைப் பெருமாளுக்குத் தினமும் கல்யாணம். வரன் அமையாதவர்கள் மாலை வாங்கிக்கொண்டு வருவார்கள். சாமிக்குச் சாத்தித் திரும்பத் தரும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றிவிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய்க் கல்யாணம் ஆகும்வரை பத்திரமாக வைத்திருப்பார்கள். அந்த மாலையைத் தரையில் வைக்க முடியாது, சாப்பிடும் மேசையிலும் வைக்க முடியாது. அதை எங்கே வைப்பார்கள் என்று, கோயிலுக்குப் பக்கத்திலேயே கடை வரைந்த நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. ஜனங்கள் யோசித்துவிட்டார்கள். படத்தில் எங்கள் தேக்குப் பலகை முழுக்க மாலைகள், தண்ணீர் சொட்டச் சொட்ட, நெருக்கி நெருக்கி. “சூப்பர் மாலை ஸ்டாண்டு!” என்று எழுதியிருந்தார்.

பெருமையாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே காய்கறிப் பையை வைக்க டிக்கியைத் திறந்தேன். பேப்பர் கிழிந்து இரண்டு கம்பிகளும் வெளியே தெரிந்தன.

கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. தோழியை அழைத்தேன். வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். நாதஸ்வரத்துக்கு மேல் கத்தி விஷயத்தைச் சொன்னேன்.

“உடனே போ. ஆனா காரணத்தச் சொல்லாத. சர்வீஸ் பண்ண வந்தோம்னு சொல்லி மாட்டிட்டு வந்துடு. இது வெளிய தெரிஞ்சா நமக்கு யார் வேல குடுப்பா?” என்றாள்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. திருக்கழுக்குன்றத்தில் வெல்டரை ஏற்றிக்கொண்டேன். டிரில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, “மேடம், கொஞ்சம் மெதுவா. நம்ம போயி சேரணும்ல” என்றார். மாமல்லபுரம் தாண்டியபின் ஈசிஆர் சாலையில் சுற்றுலா வண்டிகள் நகர மறுத்தன. ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு பலகை விழுந்தது எனக்குள். யார் தலையில் என்று மட்டும் பார்க்காமல் ஓட்டினேன்.

கடை நிரம்பியிருந்தது. பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அடியில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரு அம்மா தன் மகனுக்குச் சட்னியைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஐந்தாறு சம்பங்கி மாலைகள்.

“இன்னாம்மா, ஞாயித்துக்கெழமையும் வேலையா?” என்று கடைக்காரம்மா சிரித்தார்.

“சும்மா ஒரு சர்வீஸ்க்கா. அந்த மேசைல இருக்கறவங்கள கொஞ்சம் எழுப்பணும்.”

“எழுப்பறதா? சாப்ட ஒக்காந்தவங்கள யாராச்சும் எழுப்புவாங்களா? அதுவும் கோயிலுக்கு வந்தவங்க. முடிக்கட்டும், அப்பறம் பண்ணு.”

அவர் சொன்னது நியாயம். பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். ஆனால் ஒரு வரிசை முடிவதற்குள் அடுத்த வரிசை உட்கார்ந்துவிடும். நான் நின்றேன். பொய்க்கு அதற்கு மேல் பலம் இல்லை.

“அக்கா, அது விழுந்துடும்க்கா. போட்டோல அழகா தெரியணும்னு ரெண்டு கம்பியக் கழட்டினேன். திருப்பி மாட்டல. என் தப்புதான்.”

அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். நேராக மேசைக்குப் போய், முதல் தட்டைத் தன் கையாலேயே எடுத்தார். “மன்னிச்சுக்கங்க, அந்தாண்ட ஃபேன் நல்லா வரும், வாங்க” என்று ஒவ்வொருவரையும் தட்டோடு நகர்த்தினார். கடைசியில் மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உரியவர் கையில் கொடுத்தார்.

வெல்டர் ஏணியில் ஏறினார். முனையிலிருந்த போல்ட் கூரையை விட்டு ஒரு விரல்கடை வெளியே வந்திருந்தது. அவர் அதைத் தொட்டதும் பொலபொலவென்று சிமெண்ட் கொட்டியது. அதைக் கடைக்காரம்மாவும் பார்த்தார். வேறு இடத்தில் துளை போட்டு, கம்பிகளை மாட்டி, வெல்டர் அதில் தொங்கியே காட்டினார்.

“வேற எதுனா இப்பிடி இருக்குதா?” என்று கடைக்காரம்மா கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், டிக்கி ஞாபகம் வந்தது. “பாத்துட்டு சொல்றேன்க்கா” என்றேன். வெல்டரும் நானும் அலமாரி, கண்ணாடி, விளக்கு ஒன்று விடாமல் ஆட்டிப் பார்த்தோம். அதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. வாசலில் கழுத்து மாலையோடு ஜனங்கள் காத்திருந்தார்கள். உள்ளே நடு மேசை மட்டும் காலியாகக் கிடந்தது. நகர்ந்து உட்கார்ந்தவர்கள் சேதியைப் பரப்பிவிட்டார்கள் போல, யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைக்காரம்மா ஒரு தட்டில் நான்கு இட்லி வைத்து, பலகைக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தார்.

“ஒக்காரு.”

“பசிக்கலக்கா.”

“பசிக்கு இல்ல. நீ ஒக்காந்து சாப்ட்டாத்தான் நான் ஜனங்கள ஒக்கார வெப்பேன்.”

உட்கார்ந்தேன். கடை மொத்தமும் என்னைப் பார்த்தது. முதல் விள்ளலை வாயில் வைத்ததும் கண் தானாக மேலே போனது.

“மேல பாக்காம சாப்டு. நீயே அண்ணாந்து அண்ணாந்து பாத்துகினு இருந்தா, அவங்க எப்பிடி வந்து ஒக்காருவாங்க?” என்றார்.

நான்கு இட்லியையும் தட்டைப் பார்த்தபடியே தின்று முடித்தேன்.