துடைப்பம் அழித்த ஒன்பது வரிகள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குத் துடைப்பம் என்று பெயர். வைத்தவள் நான்தான். பதினோரு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அவரைச் சகித்துக்கொண்டவளுக்கு இந்த உரிமைகூட இல்லையா? மேஜையில் ஒரு தூசி இருக்காது, எழுதும் கணினி நிரலில் ஒரு வரி வீணாக இருக்காது. ஒருமுறை ஃபிரிட்ஜின் கேரண்டி அட்டையைக் குப்பையென்று கிழித்துப் போட்டுவிட்டார். அவர் மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். நோயாளியின் காய்ச்சல் ஏறி இறங்குவதைத் திரையில் வரைபடமாகக் காட்டும். பெரிய மருத்துவமனை ஒன்று வாங்க வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டது. வரைபடம் போடும் நிரல் யாருடையது, அதைப் பயன்படுத்த அனுமதி தரும் லைசென்ஸ் எங்கே?

அது எப்போதோ இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்தது. அந்த நிரலின் கோப்பைத் திறந்து பார்த்தோம். எழுதியவர் பெயரும் இல்லை, நிபந்தனையும் இல்லை. வேறு நிரல் தேடினோம். ஒன்று இலவசம், ஆனால் எங்கள் நிரலையும் ஊருக்கே திறந்து காட்ட வேண்டும். இன்னொன்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மூன்றாவதற்கு மாற நான்கு மாதம் ஆகும், அதுவரை யார் காத்திருப்பார்கள்? ஆர்டர் கைநழுவினால் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். துடைப்பம் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை, கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"மேடம், அந்த நிரலைக் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். மேல ஒன்பது வரி இருந்துச்சு. வேலை செய்யாத வரிதானேன்னு அழிச்சுட்டேன். படிச்சுக்கூடப் பார்க்கல. என்னை வேலையைவிட்டு அனுப்பினாலும் சரி."

மேலாளர் அவரையே பார்த்தார். "எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

அந்த இணையப் பக்கத்தைத் திறந்தார். எழுதியவர் மேலே வைத்திருந்த ஒன்பது வரிகளையும் நான்தான் வாசித்தேன். "யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம். என் பெயர் உள்ள இந்த வரிகளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்."

"முதல்ல வரிகளைப் போடுங்க," என்றார் மேலாளர். "அப்புறம் அந்த மனுஷருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்க. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அந்தப் பேச்சு பிறகு வரவே இல்லை. மருத்துவமனையும் ஒப்புக்கொண்டது.

அவர் வரிகளை நகலெடுத்து ஒட்டவில்லை, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பெயர் வந்ததும் கை நின்றது.

"ஆறு வருஷமா ஆஸ்பத்திரிகள்ல இவர் எழுதினதை வச்சுதான் ஜுரம் குறைஞ்சுதான்னு பார்த்திருக்காங்க. பேரைக் குப்பைன்னு தள்ளிட்டேனே."

எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் அவரை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டேன்.