சரிபாதி மாத்திரை

மலைமேல் பெரக்கரை நாட்டில் இருக்கும் கண்ணாயி வீட்டில் எது வந்தாலும் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி. பலாச்சுளையானாலும் சரி, பொங்கலுக்கு எடுத்த துணியானாலும் சரி, கூடக்குறைய இருக்காது. நியாயத்தில் அவளை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை. கேடு அந்த நியாயத்தின் வழியாகவே வந்தது.

மூத்தவன் மணிவண்ணன் ஏழு வயதில் ஓரிடத்தில் உட்காரமாட்டான். கீழே நாமக்கல்லில் டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். மூளையைத் தட்டி எழுப்பும் மருந்தைக் கொடுத்து ஆட்டத்தை அடக்குவது வைத்தியத்தின் வேடிக்கைகளில் ஒன்று. பையன் அடங்கிப் படிக்கவும் செய்ததால், அது படிப்பு மாத்திரை என்றே கண்ணாயி எடுத்துக்கொண்டாள். ஐந்து வயது பூங்குழலி ஒருநாள் "எனக்கு?" என்று கையை நீட்டினாள். அன்றிலிருந்து கண்ணாயி அரிவாள்மணையில் வைத்து மாத்திரையை இரண்டாக்கி ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தாள். நான்கு வருடம்.

பூங்குழலி வகுப்பில் முதலாவதாக வந்தாள். தாய்க்கு அதில் பெருமை வேறு.

இன்று மணிவண்ணன் சோளக்காட்டுச் சந்தையில் பழ வண்டி ஓட்டுகிறான். வாயைத் திறந்தால் சிரிப்புதான். பூங்குழலி இருபத்திரண்டு வயதில் நர்சிங் படிப்பை நிறுத்திவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அழுகையும் இல்லை, ஆசையும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன முதல் நாளே டாக்டரம்மா கேட்டார்: "சின்ன வயசுல ஏதாவது மாத்திரை தொடர்ந்து கொடுத்தீங்களா?"

"இல்லீங்க."

மகள் பக்கத்திலேயே இருந்தாள். அந்த மாத்திரையால்தான் இப்படியோ என்று அவளுக்குத் தோன்றிவிட்டால் தாயை வெறுத்துவிடுவாள் என்ற பயம். இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் பலனில்லை. மறுபடி போனபோது அதே கேள்வி வந்தது. கண்ணாயி சொல்லிவிட்டாள்.

"ஒருத்திக்கு மட்டும் எப்படீங்க இல்லைன்னு சொல்றது?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "தேவைப்பட்ட பிள்ளைக்கு அளவோட கொடுத்தா அது மருந்து. தேவையில்லாத பிஞ்சு மூளைக்கு என்ன செய்யும்னு எலிக்குட்டிங்களுக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. பெருசானதும் சிலதுக்கு இனிப்புத் தண்ணி மேலகூட நாட்டம் போயிடுச்சு. ஆனா எலி வேற, மனுசங்க வேற."

"அப்ப இது என்ற தப்புங்களா, இல்லீங்களா? ஏதோ ஒண்ணச் சொல்லுங்க."

"தெரியலைம்மா. இதுவும் காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

அத்தனை வருடம் படித்தவர் சொன்ன மிக நேர்மையான பதில் அதுதான். கண்ணாயிக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை.

வெளியே வந்ததும் பூங்குழலி கேட்டாள்: "அப்ப அண்ணனுக்கும் பாதிதானா?"

"ஆமா சாமி."

"அதான் அவன் கணக்குல ஃபெயிலு."

சிரிக்காமல் சொன்னாள். கண்ணாயி அவள் கையைப் பிடித்தாள். "என்னைய நாலு வார்த்தை பேசிப்போடு கண்ணு. மனசுக்குள்ள வெச்சுக்காதே."

பூங்குழலி நின்று யோசித்தாள். மெய்யாகவே முயன்று பார்த்தாள் என்றுதான் தோன்றியது.

"கோவம் வரலைம்மா."

பஸ் ஸ்டாண்டு வரை கண்ணாயி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு வசவு விழுந்திருந்தாலும் போதும், பிள்ளை தேறுகிறாள் என்று டாக்டரம்மாவிடம் திரும்பி ஓடியிருப்பாள்.